கசப்பின் மேல் ஏறிய பழம்

ஜின் டானிக்கில் பழச்சுவை சேர்க்க நினைப்பவர் முதலில் செய்வது, அதில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாற்றை ஊற்றுவதுதான். ஊற்றியதும் நுரை பொங்கிக் கோப்பையின் விளிம்பைத் தொடும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். மிஞ்சுவது கலங்கலான ஒரு திரவம். குமிழ்கள் போய்விட்டன, ஜின்னின் வாசம் அமுங்கிவிட்டது, டானிக்கின் கசப்பு மட்டும் அடிநாக்கில் அப்படியே நிற்கிறது. போதாக்குறைக்கு, ஆரஞ்சும் ஆரஞ்சு மாதிரி இல்லை.

நல்ல பழம், நல்ல ஜின், நல்ல டானிக். பிறகு எங்கே கோளாறு? பழத்தின் சுவை பழத்துக்குள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. புளிப்பும் இனிப்பும் சாற்றில் இருக்கின்றன. மணத்தின் பெரும்பங்கு சில பழங்களில் தோலிலும், சிலவற்றில் சதையிலும் இருக்கிறது. நிறம் வேறு கணக்கு. ஒவ்வொன்றையும் வெளியே கொண்டுவர ஒவ்வொரு கரைப்பான் வேண்டும். சாறு பிழிகிறவர் தண்ணீரில் கரைவதை மட்டும் எடுத்துக்கொண்டு, தனக்கு அதிகம் தேவைப்பட்டதைத் தோலோடு குப்பையில் போட்டுவிடுகிறார். பழத்தை எங்கிருந்து, எதைக் கொண்டு எடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்கு முன், பழம் யாரோடு மல்லுக்கட்டப் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

மரப்பட்டையிலிருந்து வந்த கசப்பு

டானிக்கின் கசப்புக்குக் காரணம் குயினைன். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் இருக்கும் ஆல்கலாய்டு அது. 1820-இல் பாரிஸில் பியேர் ஜோசப் பெல்லெத்தியே, ஜோசப் காவெந்தூ என்ற இரு மருந்தியலாளர்கள் அதைப் பட்டையிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். மலேரியாவுக்கு அப்போது கையில் இருந்த உருப்படியான மருந்து அது ஒன்றுதான். பேரரசுகள் அந்த மரத்துக்காக அலைந்ததில் வியப்பில்லை.

அந்த அலைச்சல் நீலகிரியையும் தொட்டது. 1860-இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெருவிலிருந்து சின்கோனா நாற்றுகளைக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். உதகையின் அரசுத் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த வில்லியம் மெக்கைவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்களை உருவாக்கினார். நடுவட்டத்தில் சீனக் கைதிகளையும் வேலைக்கு வைத்தார்கள். மரத்தை வெட்டாமலே பட்டையை அறுவடை செய்ய மெக்கைவர் ஒரு வழி கண்டார்: பட்டையை நீளநீளமாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவிடுவார். அங்கே புதுப்பட்டை வளரும். அதில் ஆல்கலாய்டு முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆனாலும் பந்தயத்தில் முந்தியது ஜாவா. மானுவேல் இன்க்ரா மமானி என்ற பொலிவியப் பழங்குடி மனிதர் சேகரித்து, சார்லஸ் லெட்ஜர் 1865-இல் விற்ற விதைகளை டச்சுக்காரர்கள் வாங்கி அங்கே விதைத்தார்கள். அந்த மரங்களில் குயினைன் மிக அதிகம். உலகச் சந்தை அவர்கள் கைக்குப் போனது.

குயினைன் கலந்த சோடாவுக்கு 1858-இல் லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். அதோடு ஜின் சேர்ந்த கதையை, மலேரியாவுக்குப் பயந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மருந்தாகக் குடித்தது என்றே சொல்வார்கள். ஆனால் அச்சில் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 1868-இல் இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஆங்கில விளையாட்டு இதழில் இருக்கிறது. அதில் ஜின் டானிக் கேட்டுக் கூச்சலிடுகிறவர்கள் குதிரைப் பந்தயம் பார்க்க வந்தவர்கள். இன்றைய டானிக்கை மருந்தென்று நம்பவும் கணக்கு இடம் தராது. அமெரிக்க விதிப்படி டானிக்கில் பத்து லட்சத்துக்கு 83 பங்குக்கு மேல் குயினைன் இருக்கக் கூடாது. லிட்டருக்கு ஏறக்குறைய 83 மில்லிகிராம். மலேரியா நோயாளிக்கு வழக்கமாகத் தரப்பட்ட குயினைன் மாத்திரை ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. அந்த அளவை டானிக்கிலிருந்து பெற, தினமும் இருபது லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்.

மருந்துக்குப் போதாத அந்த அளவு, கசப்புக்குத் தாராளம். கசப்பை உணர நம் நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இனிப்புக்கு இத்தனை கிடையாது. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைக்கும் நஞ்சுகளில் பல கசப்பானவை. வாயிலேயே பிடித்துத் துப்ப வைப்பதுதான் இந்த ஏற்பிகளின் வேலை. பெரும்பாலான கசப்புப் பொருள்கள் அவற்றில் ஒன்றிரண்டைத்தான் தூண்டும். குயினைன் ஒரே நேரத்தில் பலவற்றைத் தூண்டிவிடும். அதனால்தான் கொஞ்சம் சர்க்கரை போட்டு அதை மூட முடிவதில்லை. டானிக்கில் குளிர்பானத்துக்குச் சமமான சர்க்கரை இருந்தும் கசப்பு தலைகாட்டுகிறது.

ஒரு சிட்டிகை உப்பு

சர்க்கரையைவிடச் சிக்கனமான ஆயுதம் உப்பு. கொய்யாவுக்கும் அன்னாசிக்கும் உப்புத் தூவித் தின்று வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. இதைச் சோதித்துக் காட்டியவர்கள் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பால் பிரெஸ்லினும் கேரி பியூசாம்பும். கசப்பான யூரியாவையும் சர்க்கரையையும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தபோது, கசப்பு குறைந்ததோடு, அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பும் மேலெழுந்தது. முடிவுகள் 1997-இல் நேச்சர் இதழில் வந்தன. உப்பு இனிப்பைக் கூட்டவில்லை. இனிப்பை அமுக்கிக்கொண்டிருந்த கசப்பை விலக்கிவிட்டது.

டானிக்கில் இதைச் சுவைத்தும் பார்க்கலாம், கண்ணாலும் பார்க்கலாம். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு ஒன்று போதும். அறையை இருட்டாக்கி, டானிக் நிரம்பிய கண்ணாடிக் கோப்பையின் மேல் அடித்தால் திரவம் முழுக்க வெளிர்நீலமாக ஒளிரும். குயினைன் மூலக்கூறு கண்ணுக்குத் தெரியாத ஒளியை உள்வாங்கி, அதில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, மீதியை நீல ஒளியாக வெளியே விடுகிறது. 1845-இல் ஜான் ஹெர்ஷல் இந்த நீலத்தைக் குறித்துவைத்தார். 1852-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கம் சொன்னார்.

இப்போது விளக்கை அணைக்காமல் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மெல்லக் கலக்கினால், நீலம் மங்கிவரும். ஒளியை உள்வாங்கிக் கிளர்ந்திருக்கும் குயினைன் மூலக்கூற்றின் மேல் குளோரைடு அயனி மோதும்போது, ஆற்றல் ஒளியாக வெளிவராமல் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. கசப்பும் குறைகிறது, ஒளியும் குறைகிறது. இரண்டும் ஒரே காரணத்தால் என்று நினைத்துவிடக் கூடாது. ஒளியை அணைப்பது குளோரைடு; நாக்கில் வேலை செய்வது சோடியம். ஒரே உப்பின் இரு பாதிகள் ஆளுக்கொரு வேலை பார்க்கின்றன. குயினைன் எங்கும் போய்விடவில்லை. அத்தனையும் கோப்பையில்தான் இருக்கிறது.

ஜின் ஒரு கரைப்பான்

ஜின்னுக்கு அடையாளமான மணம் ஜூனிபர். பழம்போலத் தெரியும் அந்த நீலக்கருப்பு உருண்டை உண்மையில் ஊசியிலைமரத்தின் கூம்பு. செதில்கள் சதைப்பற்றோடு ஒட்டிக்கொண்டு பழ வேடம் போடுகின்றன. அதன் எண்ணெயில் பைன் வாசம் தரும் ஆல்ஃபா பைனீன் முதன்மையானது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் இருக்கும் லிமோனீனும் உண்டு. ஜூனிபருக்கு அடுத்தபடியாக ஜின் வடிப்பவர்கள் நம்பியிருப்பது நம் வீட்டு மல்லி விதையை. அதன் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல். பீச் பழத்திலும் ஸ்ட்ராபெர்ரியிலும் மணக்கும் அதே பொருள். ஆக, பழத்தோடு உறவாட ஆள்கள் ஜின்னுக்குள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஜின்னின் இன்னொரு பாத்திரத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது அருமையான கரைப்பான். ஐரோப்பிய விதிப்படி அதில் குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் ஜின்களில் வழக்கமான அளவு 42.8 சதவீதம். எத்தனால் மூலக்கூற்றின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். தண்ணீருக்கு மசியாத மணப்பொருள்களும் அதற்குள் கரைந்துவிடும். டானிக் ஊற்றியதும் ஆல்கஹாலின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். அப்போது எண்ணெய்க்குப் பிடிமானம் போய்விடுகிறது. நிறையத் தோல் ஊறிய ஜின்னில் டானிக்கை ஊற்றும்போது பால்போல் ஒரு மங்கல் படர்வது அதனால்தான். மூக்குக்கு அது நல்ல செய்தி: கரைசலில் இருப்புக் கொள்ளாத மூலக்கூறுதான் சீக்கிரம் காற்றில் ஏறும்.

தோல், சதை, நிறம்

ஆரஞ்சுத் தோலைக் கையில் எடுத்து உற்றுப்பார்த்தால் ஊசி குத்தியதுபோலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. தோலை வெளிப்புறமாக மடித்தால் பை வெடித்து எண்ணெய் பீறிடும். மெழுகுவத்திச் சுடருக்குப் பக்கத்தில் அப்படி மடித்தால் பொறிபொறியாக எரியும். லிமோனீன் நன்றாகத் தீப்பிடிக்கக்கூடியது. அமெரிக்காவின் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிக்கர்சனின் குழு இந்தப் பீற்றலை அதிவேகக் கேமராவில் பிடித்து 2018-இல் வெளியிட்டது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தத் தாரைகள் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டிய வேகத்தில் கிளம்புகின்றன. புவியீர்ப்பைப்போல 5,000 மடங்குக்கு மேல் முடுக்கம். கலக்குபவர் கடைசியில் தோலை முறுக்கிக் கோப்பையின் மேல் பிழிவது வெறும் ஒப்பனை அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். எண்ணெய் திரவத்தின் மேற்பரப்பில் மிதக்கிறது. குடிக்கக் குனியும் மூக்குக்கு நேர் கீழே.

தோலில் எடுக்க வேண்டியது நிறமுள்ள மேற்படலத்தை மட்டும். அதற்கடியில் இருக்கும் வெண்பஞ்சில் கசப்புதான் இருக்கிறது. குயினைன் இருக்கும் கோப்பையில் இன்னொரு கசப்பையும் ஏற்றிவிட வேண்டாம். எண்ணெயை நிறையச் சேகரிக்க வேண்டுமென்றால், பழைய பஞ்ச் தயாரிப்பாளர்களின் உத்தி ஒன்று உண்டு. சீவிய தோலைச் சம எடைச் சர்க்கரையோடு பிசைந்து சில மணி நேரம் மூடிவைத்துவிடுவார்கள். சர்க்கரை தோலிலிருந்து நீரை இழுக்கும். செல்கள் சுருங்கி உடைய, எண்ணெயும் கூடவே கசிந்து பாகோடு சேரும்.

ஸ்ட்ராபெர்ரிக்கு இந்த உத்தி முழுதாகப் பொருந்தாது. அதன் மணம் தோலில் பையாக இல்லை. சதை முழுக்கப் பரவியிருக்கிறது. எத்தில் பியூட்டனோவேட் போன்ற எஸ்டர்கள் பழுத்த வாசத்தைத் தருகின்றன; ஃபியூரானியால் காய்ச்சிய சர்க்கரையின் சாயலைத் தருகிறது. இங்கே ஜின்தான் சரியான ஆள். பழத்தை வட்டவட்டமாக நறுக்கி ஒரு சீசாவில் போட்டு, மூழ்கும்வரை ஜின் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால், சிறிது நேரத்திலேயே துண்டுகளின் ஓரத்திலிருந்து சிவப்பு நூல்நூலாக இறங்கும். ஆல்கஹால் செல்களின் சவ்வைக் குலைத்துவிடுவதால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது. மறுநாள் திரவம் மாணிக்கச் சிவப்பாகவும், துண்டுகள் வெளுத்துச் சோர்ந்தும் இருக்கும். அந்த நிலையில் வடிகட்டிவிட வேண்டும். நறுக்குவதற்குப் பதில் நசுக்கினால் சதையின் பெக்டின் ஆல்கஹாலில் திரிந்து குழகுழப்பாகும். அடுப்பில் வைத்துச் சூடாக்கினாலோ எஸ்டர்கள் பறந்துபோய், ஜாம் வாசம்தான் மிஞ்சும்.

அந்தச் சிவப்பு ஆன்தோசயனின் வகை நிறமி. புளிப்புக் கரைசலில்தான் அது பளிச்சென்று நிற்கும். டானிக்கில் சிட்ரிக் அமிலம் இருப்பதால் நிறம் மங்காமல் காப்பாற்றப்படுகிறது. இதே குடும்பத்து நிறமிதான் சங்குப்பூவின் நீலமும். கனடாவில் தயாராகும் எம்ப்ரஸ் 1908 என்ற ஜின்னில் சங்குப்பூ ஊறியிருக்கிறது. ஆழ்ந்த நீலமாக இருக்கும் அது, டானிக் பட்டதும் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கி நகரும். அமிலத்தின் அளவு கூடும்போது நிறமி மூலக்கூற்றின் அமைப்பு மாறி, அது உறிஞ்சும் ஒளியும் மாறிவிடுகிறது. சுவைக்கு இதில் பங்கேதும் இல்லை.

கிரேப்ஃப்ரூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு அது; சாற்றிலேயே நரிஞ்சின் என்ற கசப்புப் பொருள் உண்டு. அதன் தனித்த மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மத்தை 1982-இல் கண்டறிந்தார்கள். லிட்டர் தண்ணீரில் 0.02 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்துக்கு 0.05 மில்லிகிராம் போதும் என்று ஆகிறது. இப்படிப்பட்ட பழத்தைச் சாறாக ஊற்றிக் கசப்பைக் கூட்டிக்கொள்வதைவிட, ஒரு கீற்றுத் தோலோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூக்கு ஊட்டும் இனிப்பு

கசப்பை மூடச் சர்க்கரையைக் கொட்டாமல் பழ மணத்தை மட்டும் சேர்த்தால் போதுமா? பெருமளவுக்குப் போதும். 1988-இல் ராபர்ட் ஃபிராங்க், ஜெனிஃபர் பைரம் இருவரும் சர்க்கரை சேர்த்த கிரீமில் ஸ்ட்ராபெர்ரி மணத்தைக் கலந்து கொடுத்தார்கள். சர்க்கரை அளவு மாறாமலே இனிப்பு கூடியதாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சுவைத்தபோது அந்தக் கூடுதல் இனிப்பு காணாமல் போனது. நிலக்கடலை வெண்ணெயின் மணத்துக்கு அந்தத் திறமை இல்லை. விழுங்கும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணத்தை மூளை வாயின் கணக்கில் எழுதிவிடுகிறது. எந்த மணம் இதுவரை இனிப்போடு சேர்ந்து வந்ததோ, அது இனிப்பாகவே பதிவாகிறது. பழ மணம் கசப்பு ஏற்பிகளை நெருங்குவதே இல்லை. கசப்போடு போட்டியிட மூளைக்கு வேறொரு சேதியைத் தருகிறது, அவ்வளவுதான்.

அந்த மணத்தை மூக்குக்கு ஏற்றும் வாகனம் குமிழ். குமிழ் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் மணப்பொருளைச் சுமந்துகொண்டு மேலே வரும். குளிர்ந்த திரவம் வாயுவை நன்றாகப் பிடித்துவைக்கும்: 20 டிகிரியில் கரையும் கரியமில வாயுவைப்போல இரு மடங்கு 0 டிகிரியில் கரையும். எனவே ஜின், டானிக், கோப்பை மூன்றும் சில்லென்று இருக்க வேண்டும். பழக்கூழும் சொரசொரப்பான துண்டுகளும் எதிரிகள். அவற்றின் இடுக்குகளில் சிக்கியிருக்கும் காற்றைப் பற்றிக்கொண்டு வாயு குமிழாகித் தப்பிவிடுகிறது. தொடக்கத்தில் ஆரஞ்சுச் சாறு நுரைத்துப் பொங்கியது இதனால்தான்.

குமிழின் சுறுசுறுப்பு வெறும் தொடு உணர்வு என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். புளிப்பை உணரும் செல்களின் மேல் இருக்கும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி வாயுவை அமிலமாக்குகிறது, அதையும் நாம் சுவைக்கிறோம் என்று 2009-இல் தெளிவானது. மலையேறுபவர்கள் உயரத்தின் கோளாறுக்கு எடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை இந்த நொதியைத் தடுக்கும். அதைப் போட்டுக்கொண்டவர்களுக்குச் சிகரத்தில் குடிக்கும் பியர் சப்பென்று இருந்ததன் காரணம் அதுதான்.

கோப்பையில் சேர்ப்பது

இனி வேலை எளிது. 100 கிராம் ஸ்ட்ராபெர்ரிக்கு 200 மில்லி ஜின். ஒரு நாள் ஊறல். மெல்லிய துணியில் வடிகட்டல். கோப்பை நிறையப் பெரிய பனிக்கட்டிகள். சிறிய கட்டிகள் சீக்கிரம் உருகி நீர்த்துவிடும். ஊறிய ஜின் ஒரு பங்கு, தோலும் சர்க்கரையும் சேர்ந்த பாகு ஒரு தேக்கரண்டி, இரண்டு சொட்டு உப்புநீர். இவற்றை முதலில் கலக்கிவிட வேண்டும். டானிக் வந்த பிறகு கலக்கக் கூடாது. மூன்று பங்கு டானிக்கைக் கோப்பையின் பக்கவாட்டில் மெல்ல வழியவிட்டால், தானாகவே கலந்துகொள்ளும். கடைசியாக கிரேப்ஃப்ரூட் தோலை மேலே ஒரு முறுக்கு. பழச்சாறு ஒரு சொட்டுகூட இல்லாத பழ ஜின் டானிக் இது.

நாக்குக்குத் தெரியாதது

கிரேப்ஃப்ரூட்டுக்கு மருத்துவத்திலும் ஓர் இடம் உண்டு. அதைத் தேடித் தந்ததும் மதுதான். கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற மருந்தியலாளர், ஃபெலோடிபைன் என்ற ரத்த அழுத்த மருந்தை ஆல்கஹால் எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். குடித்தவருக்கு எது ஆல்கஹால் என்று தெரியக் கூடாது என்பதற்காக அதை கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்தார். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. குற்றவாளி ஆல்கஹால் அல்ல, அதை மறைக்க வந்த சாறு. 1989-இல் இது வெளிவந்தது. சாற்றின் ஃபியூரானோகூமரின்கள் குடல் சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின்களும் எடுப்பவர்களுக்கு இந்தப் பழம் ஆகாது. குயினைனும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. டானிக் அளவிலேயே ரத்தத் தட்டணுக்கள் சரிந்த நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன.

நாக்கை ஏமாற்றுவது பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். கல்லீரலுக்கு நாக்கு கிடையாது. 42.8 சதவீத ஜின்னில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, ஏறக்குறைய 20 கிராம் எத்தனால். 180 மில்லி டானிக் சேர்த்தாலும் அதே 20 கிராம்தான். பழம் சேர்ந்தாலும் அதே. ஜின் எரிச்சலையும் டானிக் கசப்பையும் பழம் மென்மையாக்கிவிடுவதால், மெல்லப் பருகவைத்த தடைகள் விலகி, கோப்பை சீக்கிரம் காலியாகிறது. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் இல்லை என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஜின்னை விட்டுவிட்டால் இந்த அத்தியாயத்தில் எவ்வளவு மிஞ்சும்? ஏறக்குறைய எல்லாமே. கசப்பும் குமிழும் டானிக்கினுடையவை. தோல் எண்ணெயைச் சர்க்கரை எடுத்துத் தரும். உப்பு தன் வேலையைச் செய்யும். ஸ்ட்ராபெர்ரியை ஜின்னுக்குப் பதில் சர்க்கரையில் புரட்டி ஓரிரவு வைத்தால், ஃபியூரானியாலும் சிவப்பும் தண்ணீரில் கரைபவை என்பதால் பாகில் இறங்கிவிடும்; எஸ்டர்களில் கொஞ்சம் குறையும். ஜூனிபரின் பைன் வாசத்துக்கு மட்டும் ஈடு இல்லை. அந்த இடத்தில் நசுக்கிய மல்லி விதை நாலைந்தைப் போட்டால், ஜின்னின் பாதி மணம் வந்துவிடும்.